மடல்

கீழ்வீட்டுச் சமையலறைத் தரையை
மூன்று நாள் உடைத்தாள் டெல்ஃபினா ஓரோஸ்கோ.
கான்கிரீட்டுக்கு அடியில் களிமண்.
களிமண்ணுக்குள் நூறு வருஷத்துச் சுட்டமண் குழாய்,
மூட்டுக்கு மூட்டு வேர் நுழைந்து.
அறுத்தெடுத்த இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினாள்.
கண்ணாடிபோல் மூடி.
மண்டியிட்டபடியே சொன்னாள்:
"இதுதான் மடல், லாரி.
உன் தண்ணீர் போகும்போது படுத்துக் கிடக்கும்.
ஊர்த் தண்ணீர் திரும்பி ஏறினால் எழுந்து நிற்கும்.
நிற்கும்போது..."

மேலே போன் அடித்தது.
நாலாயிரத்து இருநூறு டாலர் என்ற வரியை மட்டும் படித்துவிட்டு
கையெழுத்துப் போட்டேன்.

மில்வாக்கியின் தென்புறத்தில் எங்கள் வீடுகள் இப்படித்தான்.
முதலில் ஒரு மரவீடு.
காசு சேர்ந்ததும் அதை அப்படியே தூக்கி நிறுத்தி
அடியில் இன்னொரு குடித்தனம்.
பாதி மண்ணுக்குள்.
சன்னலில் தெருவின் கால்கள் மட்டும் நடக்கும்.
அங்கேதான் பா நியாவும் அவள் மகன் டூவும்,
ஒரு ட்ரம்பெட்டும்.

கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளிவிட்டேன்.
சம்ப் பம்புக்கு பேட்டரி வாங்கினேன்.
பக்கத்து வீட்டு குஜாவா கிழவரிடம்
"வருமுன் காப்பவன்" என்ற தோரணையில்
வேலிமேல் கை ஊன்றிப் பேசவும் செய்தேன்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை
வானம் மிச்சம் வைக்காமல் கொட்டியது.
சுரங்கப்பாதையில் என் பஸ்ஸின் இரண்டாம் படிவரை தண்ணீர்.
பயணிகளை ஒவ்வொருவராய் இறக்கிவிட்டு
டிப்போவிலிருந்து நடந்தே வந்தேன்.
மணி ஒன்றரை. எலும்புவரை ஈரம்.

தொட்டி நிறைய வெந்நீர்.
காது முங்கப் படுத்தேன்.
மழை எங்கோ வேறு யாருக்கோ பெய்தது.
கீழே மடல் எழுந்து நிற்கும் என்று நினைத்தேன்,
ஊரின் அழுக்கை நெஞ்சால் தடுத்துக்கொண்டு.
என் காசு.
என் காவல்காரன்.
பிறகு கால்விரலால்
அடைப்பானைப் பிடுங்கினேன்.

தரைக்கு அடியிலிருந்து துடைப்பக்கட்டையின் தட்டல்.
ஒன்று. இரண்டு. நிற்காமல்.

வெள்ளம் தலைக்குமேல் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
இது சாண்கூட இல்லை.
நாலு விரற்கடை.
நாலு விரற்கடைக்கு எல்லாக் கணக்கும் உண்டு:
அரிசி மூட்டையின் அடிப்பாகம்,
பெட்டிக்குள் ட்ரம்பெட் உறங்கும் வெல்வெட்,
நீல நாடாபோல் சுவரைச் சுற்றி ஒரு கோடு.

"இந்த ஊர் இருக்கிறதே," என்று தொடங்கினேன்,
"வரி மட்டும் வாங்கத் தெரியும்."
பா நியா குனிந்து ஒரு விரலை நனைத்தாள்.
என் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.
"முகர்ந்து பார்.
ஊர் இல்லை இது.
உன் பைன் சோப்பு."

ஊர் உள்ளே வராத கதவின் வழியே
நாமும் வெளியே போக முடியாது.
அதைத்தான் டெல்ஃபினா சொல்ல வந்திருக்கிறாள்.
தாளில் நான் படிக்காத வரியும் அதுதான்.

துண்டுகளைப் பிழிய ஒரு தொட்டியும் இல்லை அப்போது.
வாளியில் பிழிந்து, படியேறி,
மழைக்குள்ளேயே கொண்டுபோய்க் கொட்டினோம்,
என் குளியலை, வாளி வாளியாய்.
டூவுக்கு அவசரம். காலை இறுக்கிக்கொண்டு நின்றான்.
மூவரும் டார்ச் அடித்து
கண்ணாடி மூடிக்குள் பார்த்தபடி இருந்தோம்.
நிமிர்ந்து நின்றது மடல்,
பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல்.
ஐந்தரைக்கு மெல்லத் தளர்ந்தது. சாய்ந்தது. படுத்தது.
டூ ஓடினான்.

அடுத்த மாத வாடகை உறையில்
முப்பத்தெட்டு டாலர் குறைந்தது.
இருமுறை எண்ணினேன். கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மழை வலுத்தால்
கீழிருந்து ஒரே ஒரு ஸ்வரம் எழும்,
ஈர வெல்வெட்டின் கரகரப்போடு:
மடல் நின்றுவிட்டது.
பாதி மழித்த தாடையோடு
நான் குழாயை மூடுகிறேன்.
நுரை காயக் காய
கண்ணாடிமுன் காத்து நிற்கிறேன்.